பூங்காவில் ஒரு பொய்ப் பாறை!

பூங்கான்னா நமக்கு ஞாபகம் வருவது ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பூங்காக்களில் ஏறி விளையாட ஒரு பாறையும் இருக்கும். அது மலையிலிருந்து வந்த பாறை இல்லை, மனிதர்கள் கட்டியது. கயிறு கிடையாது, இடுப்புப் பட்டையும் கிடையாது. இப்படி ஏறுவதற்கு 'போல்டரிங்' என்று பெயர். கை வழுக்கினால் கீழே விழ வேண்டியதுதான்! அப்படியென்றால் அதை எப்படிக் குழந்தைகள் வரும் இடத்தில் வைக்கிறார்கள்? வாங்க, பார்க்கலாம்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'கேம்ப் லாங்' என்ற பூங்காவில் 1939-லேயே ஒரு செயற்கைப் பாறை கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் மவுண்ட் ரெய்னியர் மலையில் தலைமை வழிகாட்டியாக இருந்த கிளார்க் ஷுர்மன். மலையேறுபவர் சந்திக்கும் பலவிதச் சிக்கல்களையும் ஒரே பாறையில் பழகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். இன்று அதன் பெயரே 'ஷுர்மன் ராக்'.

சரி, நிஜப் பாறையையே கொண்டு வந்து வைக்கலாமே? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 3 மீட்டர் விட்டமுள்ள உருண்டைப் பாறையின் கன அளவு சுமார் 14 கன மீட்டர். கிரானைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. ஆக எடை 38 டன்! அதே அளவில் 10 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட் ஓடு மட்டும் என்றால் 7 டன்னுக்குள் முடிந்துவிடும். அதனால்தான் பல செயற்கைப் பாறைகள் உள்ளே வெற்றிடமாக இருக்கின்றன.

கட்டும் முறை இதுதான். முதலில் இரும்புக் கம்பிகளை வளைத்து எலும்புக்கூடு. அதன் மேல் கம்பி வலை. பிறகு அழுத்தக் காற்றால் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். இதுதான் நம்ம சிவில் நண்பர்கள் சொல்லும் 'ஷாட்கிரீட்'. ஈரம் காயும் முன் கரண்டியாலும் பிரஷ்ஷாலும் பிடிமானங்களைச் செதுக்குவார்கள். இதிலும் ஒரு கணக்கு உண்டு. 8 மி.மீ. கம்பி நுழைந்து, 25 மி.மீ. கம்பி நுழையாத துளை இருக்கக் கூடாது. ஏன்னா, விரல் உள்ளே மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் கீழே வந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் என்ன? 2 × 9.8 × 3-இன் வர்க்கமூலம்: நொடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகம் எல்லாத் தரையிலும் ஒன்றுதான். எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். 2 செ.மீ.க்குள் நின்றால் சராசரி வேகத்தடை புவியீர்ப்பைப் போல 150 மடங்கு. 20 செ.மீ.யில் நின்றால் வெறும் 15 மடங்கு!

அந்தக் கூடுதல் 18 செ.மீ.யைத் தருவது பாறை அல்ல, அதன் கீழே உள்ள மணல். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1176, விழும் உயரத்தை 3 மீட்டரோடு நிறுத்துகிறது. அந்த உயரத்துக்கு 30 செ.மீ. ஆழ மணல் வேண்டும். அதற்கு மேல் இன்னொரு 10 செ.மீ. சேர்க்கச் சொல்கிறது. எதற்கு? கால் பட்டுப் பட்டு மணல் ஒதுங்கிவிடும் என்பதற்காக. சுற்றிலும் 2.5 மீட்டர் தூரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. களிமண் கலந்த மணலும் ஆகாது. அது நனைந்து காய்ந்தால் இறுகித் தரை மாதிரி ஆகிவிடும்.

இதில்தான் சிக்கலே இருக்கிறது. மணல் எங்கே அதிகம் ஒதுங்கும்? எல்லோரும் வந்து குதிக்கும் அதே இடத்தில்! மெத்தை எங்கே அதிகம் தேவையோ, அங்கேதான் முதலில் காணாமல் போகிறது. பாறையைக் கட்டுவது ஒரு முறை வேலை. மணலைக் கிளறி, இழுத்து, நிரப்புவது ஓயாத வேலை. திறப்பு விழாவில் எல்லோரும் பாறையோடுதான் படம் எடுப்பார்கள். ஆனால் குழந்தையின் தலையைக் காப்பாற்றுவது மண்வாரியோடு வரும் அந்தப் பராமரிப்புத் தொழிலாளிதான்.

இந்தக் கணக்கு பாறைக்கு மட்டும் இல்லை, ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் இதேதான். அடுத்த தடவை உங்க ஊர்ப் பூங்காவுக்குப் போகும்போது, சறுக்குமர ஏணிக்குக் கீழே குதிகாலால் ஒரு முறை அழுத்திப் பாருங்க. கால் உள்ளே போனால் நல்லது. 'டொக்'குன்னு நின்றால், அங்கே ஒரு வண்டி மணல் தேவைன்னு சொல்ல நீங்க இன்ஜினியர் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம்!