அறுபத்தாறு பெண்கள் சொன்னது

உத்திரமேரூருக்கு வருகிறவர்களைக் குடவோலைக் கல்வெட்டுக்குத்தான் முதலில் கூட்டிப்போவார்கள். 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று ஊர்ச்சபை வாரியத்துக்குத் தேர்வாவதற்கான தகுதிகளை அது வரிசையாகச் சொல்கிறது. அந்தத் தகுதிகளுக்கெல்லாம் வெகுதூரத்தில் இருந்த பெண்கள், உத்திரமேரூர் இருந்த அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், திருக்கழுக்குன்றம் பக்கம், 1981-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பதின்மூன்று பேர். டி.கே.சுந்தரி ரவீந்திரனைத் தவிர மற்ற பன்னிரண்டு பேரும் அக்கம்பக்கத்து ஊர்களின் தலித் பெண்கள். முதியோர் கல்வி வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம்தான் கையிருப்பு. ரூரல் விமன்ஸ் சோஷியல் எஜுகேஷன் சென்டர் என்பது பெயர், சுருக்கமாக, ருவ்செக்.

அன்று கிராமத்தில் பிரசவம் பெரும்பாலும் வீட்டிலேயே, மருத்துவச்சி கையில். அரசு சுகாதார ஊழியர் ஒரு பெண்ணைத் தேடி வந்தால், அநேகமாகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்காகத்தான். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு இலக்கு இருந்தது. 1996-ல்தான் அதை எடுத்தார்கள். வெள்ளைப்படுதல், அடியிறக்கம், புருஷன் கை நீட்டுவது இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதையெல்லாம் ருவ்செக் பெண்கள் கேட்டார்கள். தங்கள் ஊர்க்காரி கேட்டதால் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கி வந்த ஆராய்ச்சியல்ல இது. சுந்தரி ரவீந்திரன் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியரானதெல்லாம் பிறகு நடந்தது.

2004-ல் அவரும் பி.பாலசுப்பிரமணியனும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 98 சிற்றூர்களைச் சேர்ந்த, மணமான 66 பெண்களோடும் அவர்களில் சிலருடைய கணவர்களோடும் பேசி எழுதியது. கருவைக் கலைத்துக்கொண்ட மூத்த தலைமுறையையும் இளைய தலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அடியில் கிடந்த காரணம் ஒன்றுதான்: கணவன் உறவுக்கு அழைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாமை. மனைவியின் சம்மதம் என்று ஒன்று தேவை என்றே பல ஆண்கள் நினைக்கவில்லை. கருக்கலைப்பு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிடைக்கிறது. அது பெண்ணுக்குக் கிடைத்த உரிமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெண்களுக்கோ, கலைக்க அனுமதி இருந்தது, சில வீடுகளில் கட்டாயமே இருந்தது. மறுக்க மட்டும் அனுமதி இல்லை. தமிழில் நம் குடும்பத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இதைவிட நேராக உண்மையைச் சொன்ன ஆய்வு குறைவு என்பது என் எண்ணம்.

இன்று தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி; கூப்பிட்டால் 108 வருகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன்கள் கிராமத்துப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகின்றன. அடி வாங்கினால் முறையிட 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவை சின்ன மாற்றங்கள் அல்ல. பிரசவத்தில் மகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு இவற்றின் அருமை தெரியும்.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கணவனின் வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணவனின் பலாத்காரத்தால் உண்டான கருவைக் கலைக்கவும் பெண்ணுக்கு வழி உண்டு என்றது. திருக்கழுக்குன்றத்துப் பெண்கள் சொன்னது பதினெட்டு வருடம் கழித்து, பாதி தூரம் அங்கே போய்ச் சேர்ந்தது. பாதி என்பதற்குக் காரணம், 2024-ல் வந்த புதிய குற்றவியல் சட்டமும் அதே செயலுக்காகக் கணவனைக் குற்றவாளியாக்காததுதான்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் பெண்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள், ருவ்செக் பெண்களைப் போலவே அந்தந்தப் பகுதிக்காரர்கள். "வீட்ல உன்ன எப்படிம்மா வெச்சிருக்காங்க?" என்று தனியாகக் கேட்கவும், பதில் வந்தால் அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். அதை அரசு இப்போதே கொடுக்கலாம்.