குரல் உடையும் வயதில்…

நம்ம ஏரியா கர்நாடக சங்கீத வகுப்புகளைக் கவனித்திருப்பீர்கள். சரளி வரிசை பாடும் வயதில் பையன்களும் நிறையவே இருப்பார்கள். வர்ணம் முடிந்து கீர்த்தனைக்கு வரும்போது ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். ராபாட்டிக்ஸ், சாக்கர் என்று காரணம் சொன்னாலும், பல வீடுகளில் உண்மை வேறு: குரல் உடைகிறது. சான்டா கிளாராவில் எங்கள் வீட்டிலும் இப்போது அதே கதைதான். "மேல் ஸா வரவே மாட்டேங்குதும்மா, நிறுத்திடறேன்" என்கிறான் என் 12 வயது மகன்.

இந்தப் பிரச்சினையைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்துப் பழகியவர்கள் கதீட்ரல் பாடகர் குழுவினர். இங்கிருந்து சுமார் 45 மைல் தொலைவில், சான் ஃபிரான்சிஸ்கோ நாப் ஹில்லில் உள்ள கிரேஸ் கதீட்ரலின் சிறுவர், ஆடவர் பாடகர் குழு 1913-ல் தொடங்கியது. 1957-ல் பக்கத்திலேயே சிறுவர் பள்ளியும் வந்தது. 'ஈவன்சாங்' என்ற மாலை வழிபாட்டுக்கு எந்த மதத்தவரும் போகலாம், டிக்கெட் கிடையாது. மகனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கேட்டேன்.

இத்தகைய குழுக்களில் பயிற்சி 7, 8 வயதில் ஆரம்பம். புதுப் பையனை அனுபவமுள்ள பையன் பக்கத்தில் நிறுத்துவார்கள். பாதிப் பாடம் காது வழியே வந்துவிடும். நம் குருகுலம் மாதிரிதான். மூச்சுப் பயிற்சி, கத்தாமல் பாடுவது, நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவது என்று தினசரி உழைப்பு. குழு இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நின்று சங்கீதங்களை மாறி மாறிப் பாடும். நம் நாமசங்கீர்த்தனம் நினைவுக்கு வரும். அந்த உயர்ந்த கூரையின் கீழ் எதிரொலி பல நொடிகள் நிற்பதால், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். ஒருவன் பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும்!

குரல் உடைந்த பிறகு? வியன்னா புனித ஸ்டீஃபன் கதீட்ரலில் பாடிய ஹைடன், குரல் உடைந்ததால் 1749-ல் வெளியேற்றப்பட்டார். அவர்தான் பிற்காலத்தில் மேதையான இசையமைப்பாளர். இன்று பல குழுக்கள் அப்படிக் கைவிடுவதில்லை. நமக்கு அருகே ரெட்வுட் சிட்டியில் உள்ள ரகாட்ஸி சிறுவர் குழுவில், குரல் மாறியவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இந்த வயதில் பையன்களின் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். இது நோயல்ல, வளர்ச்சி. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிய பையன் கடைசியில் ஒன்று, ஒன்றரையில் வந்து நிற்கலாம். நடுவில் மாதக்கணக்கில் தடுமாற்றம் இருக்கும். அப்போது பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி வற்புறுத்தினால் தொண்டையும் நோகும், மனசும் நோகும்.

எங்கள் வீட்டில் மகனுடைய டீச்சரிடம் பேசி, இப்படி முடிவு செய்தோம்: வாரா வாரம் வசதியான சுருதியைப் பார்த்து வைத்துக்கொள்வது, சுலபமாக வரும் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் மெதுவாகப் பாடுவது, மற்ற நேரத்தில் தாளம், ஸ்வரம் கண்டுபிடித்தல், நிறையக் கேள்வி ஞானம். மேடை இப்போதைக்கு வேண்டாம். அவன் தொடர்வானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் "எனக்குப் பாட்டு வராது" என்ற எண்ணத்தோடு அவன் விலகக் கூடாது.

உங்கள் வீட்டிலும் 12, 13 வயதுப் பையன் இருந்தால், வகுப்பை நிறுத்துவதற்கு முன் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பாருங்கள்.