ஒலிநாடாவும் மாதச் சந்தாவும்

திருவனந்தபுரத்தில் எங்கள் கிளைக்கு ஓய்வூதியர் ஒருவர் பாஸ்புக்குடன் வந்தார். மாதந்தோறும் ஒரே தேதியில் 119 ரூபாய் கழிந்திருந்தது. வங்கியின் பிழை என்றே அவர் கருதியிருந்தார். விசாரித்ததில், விடுமுறைக்கு வந்த பேரன் தாத்தாவின் கைப்பேசியில் இசைச் செயலி ஒன்றை நிறுவி, அவருடைய டெபிட் அட்டையையே சந்தாவுக்கு இணைத்துச் சென்றிருந்தது தெரிந்தது. பெரியவர் கோபப்படவில்லை. "ஒரு வருஷமாப் பணம் போயிருக்கே சார், இந்தப் பாட்டெல்லாம் இனி எனக்குச் சொந்தந்தானே?" என்று கேட்டார். இல்லை என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இசைவுடன் இதை இங்கே எழுதுகிறோம்.

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பாட்டைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்கி வைத்த தலைமுறை அவருடையது. பின்னணிப் பாடகர் கே.ஜே. யேசுதாஸ் 1980இல் இந்நகரில்தான் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். மலையாளத் திரைப்பாடல்கள் ஒலிநாடாவாக வீடுகளுக்குச் சென்றதில் அந்நிறுவனத்தின் பங்கு பெரிது. ஓணப் பாடல்களும் ஐயப்பன் பாடல்களும் அவ்வழியே பரவின. 1992இல் அது சென்னைக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முந்தைய இசைத்தட்டுக் காலத்தில், நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், பக்கத்திற்கு அரை மணி நேரம் கொண்டது; விலையும் மலிவு. இவற்றினும் முக்கியமானது, கேட்பவரே அதில் பதிவுசெய்ய முடிந்தது.

கடையில் வாங்கிய கேசட்டை இரவல் தரலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். சந்தா அப்படிப்பட்டதன்று. அதில் நாம் பெறுவது கேட்கும் உரிமை மட்டுமே. வாடகை வீட்டைப் போன்றது. கைப்பேசியில் 'இறக்கி' வைத்த பாடல்களும் சந்தா முடிந்ததும் ஒலிக்கா. செயலி நிறுவனத்திற்கும் பாடல் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்தால், நேற்றுவரை கேட்ட பாட்டு இன்று காணாமற்போகும். ஆயினும், ஒரு கேசட்டின் விலைக்குக் கோடிக்கணக்கான பாடல்கள் என்பதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 2023இல் உலகப் பதிவிசை வருவாயில் ஏறத்தாழ 67 விழுக்காடு இவ்வகைச் செயலிகள் வழியே வந்தது. வியப்பு என்னவெனில், அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, குறுந்தகடுகளோ 3.3 கோடிதான். 1987க்குப் பின் தட்டு முந்தியது அதுவே முதன்முறை. கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டும் என்னும் ஆசை இன்னும் சிலரிடம் இருக்கிறது.

இனி, பணம் கழியும் முறை. தொடர் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. முதன்முறை ஆணையைப் பதிவுசெய்யும்போது கூடுதல் உறுதிப்பாடு கட்டாயம். இவருடைய ஒருமுறைக் கடவுச்சொல் பேரன் கையிலேயே இருந்துவிட்டது! அதன்பின் இத்தகைய சந்தாக்களில் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்குக் கடவுச்சொல் கேட்கப்படாது. ஆனால் பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் நீக்கிவிடாதீர்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து அகற்றினால் சந்தா நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர்; நிற்காது. செயலியின் கணக்கில் சந்தாவை ரத்து செய்ய வேண்டும், அல்லது வங்கி வழியே ஆணையைத் திரும்பப் பெற வேண்டும்.

பேச்சினூடே பெரியவர் மற்றொன்றையும் சொன்னார். வீட்டு அலமாரியில் இருபதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் உள்ளனவாம். வானொலியின் சனிக்கிழமை இரவுக் கச்சேரிகள் சில. மறைந்த மனைவி நவராத்திரிக் கொலுவின் முன் பாடியவை மூன்று. கச்சேரிகளாவது எங்கேனும் கிடைக்கக்கூடும். அம்மூன்றும் எந்தச் செயலியிலும் கிடைக்கப்போவதில்லை.

இவ்வூரின் ஈரக்காற்றில் நாடாவில் வெண்பூஞ்சை படரும். பூஞ்சை தெரிந்தால் ஓட விடலாகாது. நாடா கெடும், கருவியின் முனையும் அழுக்காகும். முதலில் அறிந்தவரிடம் கொடுத்துத் தூய்மை செய்ய வேண்டும். நல்ல நிலையில் உள்ளதாயின், மேல்விளிம்பின் சிறு நெகிழித் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மறுபதிவு ஆகாது. பின்னர் கேசட் கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்குக் கம்பி இணைத்துப் பதிவுசெய்யலாம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்குவழி தேட வேண்டாம். சுருக்காத கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 600 எம்.பி. இடம் பிடிக்கும். இரண்டு நகல்களை இரு வேறு இடங்களில் வையுங்கள்.

பெரியவர் சந்தாவை நிறுத்தவில்லை. பேரனுடைய அட்டைக்கு மாற்றிவிடச் சொன்னார். இரு மாதம் கழித்துப் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே சென்றார்.