குதிரை பேரம், கொறடா, வெள்ளை அறிக்கை: செய்தியைப் படிப்பது எப்படி?

அரசியல் செய்தியில் அடிக்கடி வரும் இந்த மூன்றும் ஆங்கில வழக்குகள். அப்படியே தமிழுக்கு வந்துவிட்டன. அம்மாபேட்டையில் தறி ஓட்டிக்கொண்டே செய்தி கேட்கிற உங்களுக்கு இவற்றால் என்ன? நீங்கள் போட்ட ஓட்டு என்ன ஆகிறது என்பது சில சமயம் இவற்றுக்குள்தான் இருக்கிறது.

குதிரை பேரம் என்றால்? குதிரையின் வயதையும் குறையையும் மறைத்துத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அந்தக் கால வியாபாரிகளுக்குப் பேர். இங்கே, பணமோ பதவியோ காட்டி எம்.எல்.ஏ.வை இழுப்பது. பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வரும். யார் சொல்கிறார் என்று பாருங்கள், நிரூபணமானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொறடா யார்? கொறடா என்றால் சாட்டை. இங்கிலாந்தில் வேட்டை நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகாதபடி சாட்டையால் திருப்புகிறவரின் பேர் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு அனுப்புபவர் அவர். மீறினால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி (அரசமைப்பின் பத்தாவது அட்டவணை) பதவி போகலாம். முடிவு சபாநாயகர் கையில்.

‘போகும்’ என்று ஏன் சொல்லவில்லை? நம்ம மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி முதல்வரானபோது நடந்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரும் முதல்வரின் கட்சிக்காரர்களே. அவர்கள் பதவி பறிபோகவில்லை. பிறகு முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை, கட்சியைத் தாங்களாகவே விட்டுவிட்டார்கள் என்று சொல்லி, செப்டம்பரில் சபாநாயகர் நீக்கினார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நஷ்டம் யாருக்கு? நமக்குப் பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அந்த 18 தொகுதிகளில் அடக்கம். 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல், தண்ணீர் வரவில்லை, ரோடு சரியில்லை என்று சட்டசபையில் எழுந்து பேச அந்த ஊர்களுக்கு ஆளே இல்லை. ஓட்டுப் போட்ட ஜனங்கள் செய்த தப்பு என்ன? எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

வெள்ளை அறிக்கை? ஒரு விவகாரத்தில் அரசு தன் கணக்கையோ கொள்கையையோ ஜனங்கள் முன் வைக்கும் ஆவணம். தமிழக அரசின் நிதி நிலைமை பற்றி 2021 ஆகஸ்ட் 9 அன்று வந்த வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்துக்குச் சுமார் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்றது. வசூலுக்கு வீட்டுக்கு வருவார்களோ என்று பயப்பட வேண்டாம். பொதுக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. ஆனால் அதற்கான வட்டி நம் வரிப்பணத்திலிருந்துதான் போகிறது. அடுத்த வெள்ளை அறிக்கை வந்தால், யாருடைய ஆட்சிக் கணக்கை யார் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.