பனிக்காலமும் நம் தொண்டையும்



டிசம்பர் மாதம் இரண்டு வாரம் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை நான் பாடவில்லை. பத்தாம் வகுப்பு அக்காதான் பாடினார், ஞாபகம் இருக்கிறதா? நிறைய பேர் நான் லீவு என்று நினைத்துவிட்டார்கள். நான் லீவு இல்லை. வரிசையில்தான் நின்றேன். என் குரல்தான் லீவு. அந்த நாட்களில் நான் செய்த தப்புகளையும், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதச் சொல்லி, தமிழ் ஐயா இந்த மாதம் ஒரு முழு அட்டையையே கொடுத்துவிட்டார். எழுத்து பொடியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் நிறைய இருக்கிறது.

நம் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் புல்தரை எல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளையாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதுதான் உறைபனி. அப்படி ஒரு காலையில் ஏழு மணிக்கு கோ-கோ பயிற்சி. நான் விளையாடவில்லை, ஓரத்தில் நின்று "ஓடு! ஓடு!" என்று கத்தினேன், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம். முந்தின நாளே எனக்கு லேசாகச் சளி இருந்தது. மறுநாள் காலையில் "அம்மா" என்று கூப்பிட்டேன். வெறும் காத்துதான் வந்தது.

உடனே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. பாட்டி சுக்கு, மிளகு தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டுக் கஷாயம் கொடுத்தார். அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். என் பெஞ்சுத் தோழி புதினா மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு அத்தை, தன் பையனுக்குப் போன தடவை வாங்கியதில் மிச்சம் இருந்த மாத்திரை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் முழுங்கினேன். இதெல்லாம் போக நானாக ஒன்று கண்டுபிடித்தேன். குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் பேர்வழி என்று நான்கு நாள் எல்லோரிடமும் கிசுகிசுவென்றே பேசினேன். நடுநடுவே "க்ஹும் க்ஹும்" என்று செருமிக்கொண்டும் இருந்தேன். ஐந்தாம் நாள் அந்தக் கிசுகிசுவும் போச்சு. அடுத்த வாரம் பாட்டுப் போட்டி. அப்பா காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். நுனியில் கேமரா. கொஞ்சம் கண்ணில் தண்ணி வந்தது, வலி இல்லை. திரையில் என் குரல்வளையை எனக்கே காட்டினார். கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே இதை ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார்! பெயர் மானுவல் கார்சியா. பல் வைத்தியர் உபயோகிக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை உள்ளே அடித்து, 1854ஆம் ஆண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். அவர் 101 வயது வரை வாழ்ந்தார் என்பது கூடுதல் தகவல்.

பக்கத்தில் நான் வரைந்த படத்தைப் பாருங்கள் (தவளை மாதிரி இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம்). மூச்சுக்குழலின் உச்சியில் இருப்பது குரல்வளை. அதற்குள் இரண்டு குரல் நாண்கள். பெரியவர்களுக்கே இவை இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். நாம் மூச்சு விடும்போது இரண்டும் விலகி நிற்கும். பேசும்போது ஒன்றோடொன்று சேர்ந்து, கீழிருந்து வரும் காற்றால் அதிரும். எத்தனை தடவை தெரியுமா? ஆண்கள் பேசும்போது ஒரு நொடிக்கு சுமார் 100 முதல் 125 தடவை, பெண்களுக்கு 200 தடவைக்குப் பக்கம், குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். கழுத்தில் விரலை வைத்து "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். நல்ல குரல் நாண் முத்து மாதிரி வெள்ளையாக இருக்குமாம். என்னுடையது சிவந்து, வீங்கிப் போயிருந்தது. வீங்கிய நாண் சரியாக மூடாது, சரியாக அதிராது. அதனால்தான் காத்து மட்டும் வந்தது.

நான் டாக்டரிடம் கேட்டேன் (எழுதிக் காட்டித்தான்): "குளிர்தான் காரணமா சார்?"

குளிர் நேராகக் குரலைக் கெடுக்காது என்றார். ஜலதோஷத்தைக் கொண்டுவருவது வைரஸ். இருநூறு வகைக்கு மேல் இருக்கிறதாம். குளிருக்குப் பயந்து ஜன்னல் கதவை மூடிக்கொண்டு எல்லோரும் நெருக்கி உட்காருகிறோம், ஒருத்தர் தும்மினால் வகுப்புக்கே வருகிறது. குளிர் செய்யும் இன்னொரு வேலை, தொண்டையைக் காயவைப்பது. இது எனக்குப் புதுசாக இருந்தது. பனி என்றால் ஈரம்தானே? ஆனால் காற்று குளிரக் குளிர அதில் தண்ணீர் ஆவி கொஞ்சம்தான் நிற்கும். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் ஆவியைத்தான் தாங்கும். நம் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், அதே அளவு காற்று 44 கிராம் தாங்கும். நாம் இழுக்கும் குளிர்ந்த காற்று உள்ளே போய்ச் சூடாகும்போது அந்தப் பாக்கி ஈரத்தை எங்கிருந்து எடுக்கும்? நம் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும்தான். காலையில் வாயைத் திறந்தால் புகை மாதிரி வருகிறதே, அது நம் தொண்டை கொடுத்த தண்ணீர்.

மூக்கு வழியாக மூச்சு இழுத்தால் காற்று உள்ளே போவதற்குள் சூடாகி, ஈரமாகிவிடும். அதற்காகவே மூக்கு அமைந்திருக்கிறது. வாய் வழியாக இழுத்தால் குளிர்ந்த காற்று நேராகக் குரல் நாண் மேலேயே போய் விழுகிறது. கத்தும்போது நாம் வாயாலேதான் மூச்சு இழுப்போம். காய்ந்த நாணை அதிரவைக்க அதிக பலம் வேண்டும், அதிக பலம் கொடுத்தால் உரசல் அதிகம். என் முக்கால் மணி நேரக் கதை இப்போது புரிகிறதா?

அடுத்து டாக்டர் சொன்னதைக் கேட்டு என் பாட்டிக்கே முகம் மாறிவிட்டது. நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதே இல்லையாம்! கஷாயம், தேன், மிட்டாய் எல்லாம் உணவுக்குழலில் போகிறது. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடி மேலே மூடிக்கொள்ளும். தப்பித் தவறி ஒரு சொட்டு அந்தப் பக்கம் போனால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவோம். அப்படியானால் கஷாயம் வீணா என்று பாட்டி சண்டைக்கே போனார். வீண் இல்லை. சூடாகக் குடித்தால் தொண்டை வலிக்கும் இருமலுக்கும் இதமாக இருக்கும், உடம்புக்குத் தண்ணீரும் சேரும். அந்தத் தண்ணீர் ரத்தத்தில் கலந்து, உள்ளிருந்துதான் நாணை ஈரமாக்கும். அதனால் பாடப் போவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் மடக் மடக்கென்று குடித்துப் பிரயோஜனம் இல்லை, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறேம்மா?" என்று டாக்டர் கேட்டார். பாட்டிலைத் திறப்பதே இல்லை என்று நான் எப்படி எழுதிக் காட்டுவது? குளிரில் தாகம் தெரியாது. பாத்ரூம் போகப் பயந்து குடிக்காதவர்களும் நம் பள்ளியில் உண்டு, குறிப்பாகப் பெண்கள். இதை ஆசிரியர்கள் கவனத்துக்காக எழுதுகிறேன்.

மூச்சு வழியாகப் போகிற ஆவி மட்டும்தான் நாண் வரைக்கும் போகும். ஆனால் கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளைப் போர்வை மூடி உட்கார வைக்காதீர்கள், பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும். மப்ளரை மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாலே நாம் விட்ட மூச்சின் ஈரமும் சூடும் திரும்பக் கிடைக்கும். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் வீட்டில் கிடந்தால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். கழுத்தை மட்டும் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்து ஓடுகிறவர்களைத்தான் காலையில் நிறைய பார்க்கிறேன்.

இனி என் தப்புகள். கிசுகிசுப்பது ஓய்வு கிடையாது. பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்களாம். பேசினால் மெல்ல, சாதாரணக் குரலில் பேச வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். செருமுவது அதைவிட மோசம். இரண்டு நாணும் படாரென்று மோதிக்கொள்கின்றன. எரிச்சலில் இன்னும் கோழை சேரும், திரும்பவும் செருமத் தோன்றும். செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் போதும். புதினா மிட்டாய் குளுகுளுவென்று இருப்பதால் சரியாகிவிட்டது போலத் தோன்றி, நாம் மேலும் பேசிக் கெடுத்துக்கொள்கிறோம். மிச்ச மாத்திரை விஷயத்தில் அப்பாவுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அது ஆன்டிபயாட்டிக். பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஜலதோஷ வைரஸை ஒன்றும் செய்யாது.

ஆனால் எல்லாத் தொண்டை வலியும் ஜலதோஷம் இல்லை. இருமல், மூக்கொழுகல் இல்லாமல் திடீரென்று நல்ல காய்ச்சல், எச்சில் விழுங்கவே வலி, கழுத்தில் நெரிகட்டு என்றால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும், அதாவது நமக்கு. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சலாகி இருதய வால்வையே கெடுத்துவிடும். அப்போது டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை, வலி போய்விட்டதென்று பாதியில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். மூச்சு இழுக்கச் சிரமமாக இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். புகை தொண்டைக்குக் கெடுதல் என்பது சின்ன விஷயம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்கும் அறையில் வைக்கவே வேண்டாம்.

எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் கீச்சு, ஒரு நாள் கட்டைக் குரல் என்று உங்களுக்கு மாறி மாறி வந்தால் அது நோய் இல்லை. மகரக்கட்டு. குரல்வளை வளருகிறது, அவ்வளவே. சிரிக்கிற அக்காமார்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நான் மூன்று நாள் சுத்தமாகப் பேசவில்லை. சிலேட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் குரல் திரும்பியது, ஆனால் பாட்டுப் போட்டி அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது.

கிளம்பும்போது டாக்டர், "மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருந்தா யாரா இருந்தாலும் வந்து காட்டணும்" என்றார். எனக்கு எங்கள் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. அக்டோபரிலிருந்தே அவர் குரல் கரகரவென்றுதான் இருந்தது. நான் போய்ச் சொன்னதும், "வாத்தியார் தொண்டைன்னா அப்படித்தாண்டி" என்று சிரித்தார். பொங்கல் லீவில் போய்க் காட்டினாராம். இரண்டு நாணிலும் சின்னச் சின்ன முடிச்சு. கொழுந்து பறிக்கிறவர்கள் விரல் காய்த்துப் போகிற மாதிரி, கத்திக் கத்தி உரசி நாண் காய்த்துப்போயிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், குரல் பயிற்சியும் குறைவான பேச்சும் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எழுத டீச்சரே அனுமதி கொடுத்தார்.

இப்போது டீச்சர் ஒரு வெண்கலக் கைமணி கொண்டுவருகிறார். ஒரு தடவை அடித்தால் 46 பேரும் பேச்சை நிறுத்த வேண்டும். முதல் நாள் ஏழு தடவை அடித்தார். நேற்று இரண்டு தடவை. கடைசி பெஞ்சுக்கு மட்டும் இன்னும் காது கேட்கவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி