கை நடுங்கினால் வேலையை விட வேண்டுமா?

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி இது. பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் கல்யாணிலிருந்து தினமும் ரயிலேறி அரசு அலுவலகம் போய் வருபவன் நான். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதினார். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள். நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் நடுக்கம், விறைப்பு, அசைவில் மந்தம் ஆகியவை வருகின்றன. எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை. எனக்கு முதலில் மாறியது கையெழுத்துதான். வரி முடிவதற்குள் எழுத்துகள் எறும்பு போலச் சிறுத்துவிடும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பதும், வாசனை தெரியாமல் போவதும்கூட அறிகுறிகளாக இருக்கலாம். "வயசாச்சு" என்று தள்ளிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் லெவோடோபா மாத்திரை பல ஆண்டுகள் நம்மை நடமாட வைக்கும். இதே லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள் என்பது நமக்குப் பெருமை. அதற்காக நாட்டு மருந்துக் கடைப் பொடியை நாமாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறிவிடும்.

வேலை பார்ப்பவருக்கு மாத்திரை நேரம்தான் கடிகாரம். பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் புரதம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம். அதனால் மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்கிறேன். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் கணக்கு வேலை. அது வடியும் நேரத்தில் ஃபைல் படிப்பது. பிளாட்பாரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, தரையில் உள்ள கோட்டைத் தாண்டுவதுபோல் அடி வைப்பேன். மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரிய உதவி.

இனி முக்கியமான விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சன் நோயையும் சேர்த்துள்ளது. அதன் 20-ஆவது பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். எனக்கு மேலதிகாரி ஒருவர் விருப்ப ஓய்வு எழுதித் தரச் சொன்னார். நான் இந்தப் பிரிவை நகலெடுத்து, மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்தேன். கவுண்டரிலிருந்து ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள்; சம்பளம் குறையவில்லை. தனியார் நிறுவனங்களை இந்தப் பாதுகாப்பு கட்டுப்படுத்தாது. அங்கே வேலை செய்பவர்கள் அவசரப்பட்டு ராஜினாமா எழுதும் முன் சட்டம் தெரிந்தவரைக் கலந்துகொள்ளுங்கள்.

மும்பையில் 2001-இல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறு சங்கம் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் கூட்டங்கள் நடத்தி வருகிறது. உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் மாத்திரை அளவுக்கு அவசியம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இந்நோயில் முகத்தசையும் விறைக்கும். சிரிப்பு வெளியே தெரியாது. அதைக் கோபம் என்று எண்ணாதீர்கள். சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆனால், பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். போட்டுக்கொள்வது அவராகவே இருக்கட்டும்.