‘பாரா’ என்னும் வினைச்சொல்

எபிரேய வேதத்தின் முதல் வாக்கியத்தில் இரண்டாவது பதமாக நிற்கும் ‘பாரா’ என்னும் வினைச்சொல் நம் தமிழ் வேதாகமத்தில் ‘சிருஷ்டித்தார்’ என வழங்குகிறது. சூனியத்திலிருந்து ஒன்றை உண்டாக்குவதே அதன் பொருள் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகியவர்கள் பலர். 13-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் நக்மானிதேஸ் அவ்வாறே கொண்டார். ஆனால் அவருக்கு முந்திய நூற்றாண்டினரான இப்ன் எஸ்ராவோ, கடலின் பெரும் பிராணிகளைக் குறித்தும், மனிதனைக் குறித்து ஒரே வசனத்தில் மூன்று முறையும் இவ்வினையே வருவதைச் சுட்டி, அக்கொள்கையை மறுத்தார். மண்ணினால் உருவாக்கப்பட்டவன் என்று அடுத்த அதிகாரம் கூறும் மனிதனுக்கே இச்சொல் ஆளப்பட்டிருக்க, இப்ன் எஸ்ராவின் பக்கமே நியாயம் மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் இப்பதத்தின் மகிமை அதனாற் குறைந்துவிடவில்லை. இயல்பான வினைவடிவில் இது வருமிடமெல்லாம் எழுவாய் இறைவன் ஒருவனே. இன்னதைக் கொண்டு செய்தான் என்று மூலப்பொருளை இவ்வினையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமும் இல்லை. ஆசரிப்புக் கூடாரத்துப் பொன், வெள்ளி, வெண்கல வேலைகளுக்காக அழைக்கப்பட்ட பெசலெயேல், தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று யாத்திராகமம் புகழ்ந்துரைக்கும் சிற்பியாயினும், அவன் தொழிலுக்கு ‘செய்தல்’ என்ற பொது வினை வழங்கப்படுகிறதேயன்றி, ‘பாரா’ வழங்கப்படவில்லை.

இச்சொல் மிகச் செறிந்து வருவது ஏசாயாவின் 40-ஆம் அதிகாரம் முதலான பகுதியில். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எருசலேம் அழிந்து, நட்சத்திரங்களைத் தெய்வமாகப் போற்றிய பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்களை நோக்கி, அந்த நட்சத்திரங்களையே அண்ணாந்து பார்த்து, அவற்றைச் சிருஷ்டித்தவர் யாரென எண்ணும்படி அப்பகுதி அழைக்கிறது. அதே மூச்சில், சிதறிக்கிடந்த இஸ்ரவேலையும் சிருஷ்டித்தவர் அவரே என்கிறது. ஒரு ஜனக்கூட்டத்தின் சரித்திரத்தினுள்ளும் நிகழக்கூடியதாகச் சிருஷ்டி அங்கே காட்சியளிக்கிறது.

அதைக் காட்டிலும் என் மனத்தைத் தொடுவது, பத்சேபாளின் பொருட்டு நாத்தான் தீர்க்கதரிசியால் கண்டிக்கப்பட்ட தாவீதின் விண்ணப்பமாகத் தலைப்பிடப்பெற்ற 51-ஆம் சங்கீதம். பாவத்தைக் கழுவும்படி முதலில் கேட்கிறது. ஈசோப்பினால் சுத்திகரிக்கும்படி மீண்டும் கேட்கிறது. இவை வஸ்திரத்துக்கும் சரீரத்துக்கும் செய்யும் கிரியைகள். பத்தாம் வசனத்தில் அச்சொற்களையெல்லாம் விட்டுவிட்டு, சுத்தமான இருதயம் வேண்டுமென்று கேட்குமிடத்தில் ‘பாரா’ என்ற வினையே ஏவலாக வருகிறது. கழுவித் தீராத கறைக்கு வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய அதே செயலைத்தான் அந்தப் பாவி நாடுகிறான். அதே வசனத்தின் மறுபாதியில் அதற்கு இணையாக வைக்கப்பட்டிருக்கும் வினை, ‘புதுப்பித்தல்’ என்பது.